கான்ஜூரிங்: முதல் பாகமா, இரண்டாம் பாகமா?

2013-இல் வந்த 'தி கான்ஜூரிங்' பேய்ப் படம் 112 நிமிடம். 2016-இல் வந்த இரண்டாம் பாகம் 134. இரண்டுக்கும் இயக்குநர் ஜேம்ஸ் வான்தான், ஆனால் அந்தக் கூடுதல் 22 நிமிடம் நன்றாகவே தெரிகிறது.

முதல் படம் அவசரப்படுவதே இல்லை. ரோட் ஐலண்டு பண்ணை வீட்டுக்குள் நம்மை நிதானமாக நடக்கவிட்டு, பிள்ளைகளின் கைதட்டல் விளையாட்டையே அப்புறம் நம் மேல் ஏவிவிடுகிறது. இருட்டிலிருந்து இரண்டு கைகள் மட்டும் நீண்டு தட்டும். முகம்கூடத் தெரியாது.

லண்டன் என்ஃபீல்டில் நடக்கும் இரண்டாம் பாகத்தில் பேய்களுக்குப் பஞ்சமில்லை: கிழவர், கன்னியாஸ்திரீ, போதாக்குறைக்குக் கோணல் மனிதன். கடைசி ஆள் வரும்போது எனக்குக் கார்ட்டூன் பார்ப்பது போலத்தான் இருந்தது. பேய்களை ஆராய வரும் எட், அந்த வீட்டுக் குழந்தைகளுக்காகக் கிதாரை எடுத்து எல்விஸ் பாட்டுப் பாடும்போது படம் நின்றேவிடுகிறது. சிலருக்கு அது இழுவை, எனக்குப் பிடித்தது. அந்தக் குழந்தைகள் மேல் அக்கறை வருவதே அங்கேதான்.

சரி, பயம்? இரண்டாம் பாகத்தில் எட், பேய் பிடித்த சிறுமிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து பேயிடம் பேசும் காட்சியைச் சொல்வேன். கேமரா அவர் முகத்தை வெட்டே இல்லாமல் மெல்ல நெருங்குகிறது. பின்னால் மங்கலாகத் தெரியும் சிறுமியின் உருவம் கொஞ்சம் கொஞ்சமாக மாறுகிறது. திடீர்ச் சத்தமே தேவைப்படவில்லை. கதையை நிதானமாக நகர்த்தும் விதத்துக்கு முதல் பாகம்தான். ஆனால் இப்படி ஒரு காட்சி அதில் இல்லை.