சியரா லியோனின் சிறார் படைநீக்கத் திட்டம்: ஒரு மதிப்பீடு

ஒரு சேவை யாருக்காக ஏற்படுத்தப்பட்டதோ, அவர்களால் அதன் வாசல்வரையேனும் வர முடிந்ததா என்பதை முதலில் கேட்டுவிட்டுத்தான் மற்றவற்றைப் பார்க்க வேண்டும். மேற்கு ஆப்பிரிக்க நாடான சியரா லியோனில் 1991 முதல் 2002 வரை நடந்த உள்நாட்டுப் போரில் சண்டையிட்ட தரப்புகள் அனைத்தும் சிறுவர்களைப் பயன்படுத்தின. புரட்சிகர ஐக்கிய முன்னணி என்ற கிளர்ச்சிப்படை, 'சிறு பையன்கள் பிரிவு' என்று பெயரிட்டே ஓர் அணியை வைத்திருந்தது. அந்தப் பிள்ளைகளைப் படையிலிருந்து பிரித்து வீட்டுக்கு அனுப்புவதற்காக அரசும் ஐக்கிய நாடுகள் அமைப்பும் யுனிசெஃப் நிறுவனமும் சேர்ந்து நடத்திய திட்டத்தையே இங்கு மதிப்பிடுகிறேன். அரசுக்கும் அந்தக் கிளர்ச்சிப்படைக்கும் இடையே 1999 ஜூலையில் கையெழுத்தான லோமே அமைதி உடன்படிக்கை, சிறார் போராளிகளுக்குத் தனிக் கவனம் தரப்பட வேண்டும் என்று எழுத்தில் வைத்தது. 2000 மே மாதத்தில் ஐ.நா. அமைதிப்படையினர் நூற்றுக்கணக்கில் சிறைபிடிக்கப்பட்டபோது தடைப்பட்ட வேலை, அடுத்த ஆண்டு மீண்டும் தொடங்கி 2002 ஜனவரியில் முடிந்தது. மொத்தம் 72,000-க்கும் அதிகமானோர் ஆயுதம் களைந்தார்கள்; படைநீக்கம் பெற்ற சிறார்கள் ஏறத்தாழ 6,800 பேர்.

திட்டத்தின் பெருங்குறை அதன் வாசலிலேயே இருந்தது. பெரியவர்கள் துப்பாக்கியைக் கொண்டுவந்து ஒப்படைக்க வேண்டும். ஏகே-47-ஐக் கழற்றி மாட்டிக் காட்டச் சொல்வதும் உண்டு. சிறார்களுக்கு இந்த விதி பொருந்தாது என்று காகிதத்தில் இருந்தபோதிலும், பல முகாம்களில் அவர்களிடமும் அதே சோதனை நடந்தது; கையில் ஆயுதம் இல்லாதவர்கள் திருப்பி அனுப்பப்பட்டார்கள். யார் வரிசையில் நிற்கலாம் என்பதைப் பெரும்பாலும் தளபதிகளே முடிவு செய்ததால், ஒரு பிள்ளை சுமந்த துப்பாக்கியைப் பிடுங்கித் தனக்கு வேண்டிய ஒருவரிடம் கொடுத்து அனுப்புவது அவர்களுக்கு எளிதாயிற்று. படையிலிருந்து மீட்கப்பட வேண்டிய பிள்ளைக்குச் சான்று தரும் உரிமை, அந்தப் பிள்ளையைக் கடத்திச் சென்றவனிடமே போய்ச் சேர்ந்தது.

இதில் அதிகம் விடுபட்டவர்கள் பெண் பிள்ளைகள். படைநீக்கம் பெற்ற சிறார்களில் அவர்கள் நூற்றுக்கு எட்டுப் பேர் மட்டுமே. படைகளுக்குள் இருந்த அவர்களின் பங்கோ இதைப்போலப் பல மடங்கு. சமைத்தார்கள், சுமை தூக்கினார்கள், உளவு பார்த்தார்கள், சுட்டார்கள். பலர் 'புதர் மனைவி' என்ற பெயரில் ஏதோ ஒரு போராளியிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தார்கள். முகாமுக்கு வந்தால் ஊர் அறிந்துவிடும் என்ற அச்சத்தில் ஒதுங்கியவர்களும் உண்டு. இத்தகைய பிள்ளைகளும் சிறார் போராளிகளே என்று 1997-இல் கேப் டவுனில் வகுக்கப்பட்ட கொள்கைகள் தெளிவாகவே சொல்லியிருந்தன என்பதால், அறியாமை என்று இதற்குச் சமாதானம் சொல்ல இடமில்லை. நம் வாசகர்களுக்கு இன்னொரு கணக்கு நினைவுக்கு வரலாம்: இலங்கையில் 2009-க்குப் பின் அம்பேபுஸ்ஸவிலும் இரத்மலானையிலும் புனர்வாழ்வுக்கு உட்படுத்தப்பட்ட 594 முன்னாள் சிறார் போராளிகளில் இருநூறுக்கும் மேற்பட்டோர் பெண் பிள்ளைகள். அது இராணுவத்தின் பிடியில் நடந்த வேறு வகையான ஏற்பாடு. அதனை மதிப்பிட அளவுகோலும் வேறாக இருக்க வேண்டும்.

உள்ளே சென்றவர்களுக்குக் கிடைத்தது பரவாயில்லை என்றே சொல்ல வேண்டும். பெரியவர்களிடமிருந்து பிரித்து இடைக்காலப் பராமரிப்பு இல்லங்களில் தங்கவைத்தார்கள்; குடும்பத்தைத் தேடிப் பிடித்துச் சேர்த்தார்கள்; மிகப் பெரும்பாலோருக்கு உறவினர் ஒருவரேனும் கிடைத்தார்.

திட்டத்தில் நான் முழு மனத்துடன் பாராட்டுவது இரண்டு முடிவுகளை. முதலாவது, பெரியவர்களுக்குக் கொடுத்த கைப்பணத்தைச் சிறார்களுக்குக் கொடுக்காமல் விட்டது. இது கஞ்சத்தனமாகத் தோன்றலாம். ஆனால் அண்டை நாடான லைபீரியாவில் 2003 டிசம்பரில் தொடங்கிய திட்டம் சிறார்களுக்கும் 300 டாலரை இரு தவணைகளில் கொடுத்தபோது, அந்தப் பணத்தில் பங்கு கேட்டுத் தளபதிகள் பின்தொடர்ந்ததைப் பார்த்தால் சியரா லியோனின் முடிவு எவ்வளவு சரியானது என்பது விளங்கும். இரண்டாவது, பள்ளிக்கூட ஏற்பாடு. முன்னாள் போராளிப் பிள்ளையைக் கட்டணமின்றிச் சேர்த்துக்கொள்ளும் பள்ளிக்கு, எல்லா மாணவர்களும் பயன்படுத்தத்தக்க பாடப்பொருள்களும் விளையாட்டுப் பொருள்களும் தரப்பட்டன. போரில் கை வெட்டப்பட்டவர்கள் கவனிப்பாரற்றுக் கிடக்க, வெட்டியவர்களுக்குச் சலுகையா என்று ஊர் கொதித்துக்கொண்டிருந்த நாளில், வந்தவன் பெயரால் பக்கத்து இருக்கைப் பிள்ளைக்கும் நோட்டுப்புத்தகம் கிடைத்தது. ஊரார் ஏற்றுக்கொள்வதும் பள்ளியில் நிலைத்திருப்பதும் இப்பிள்ளைகளின் மனநலத்தைக் காக்கின்றன என்பதை, 2002 முதல் ஐந்நூறுக்கும் மேற்பட்ட இளையோரைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வாளர் தெரசா பெட்டன்கோர்ட்டின் ஆய்வு பின்னர் காட்டியது.

வழக்குகளைப் பொறுத்தவரை, போர்க்குற்றங்களை விசாரிக்க அமைக்கப்பட்ட சியரா லியோனுக்கான சிறப்பு நீதிமன்றம் சிறார்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவில்லை. அவர்களைச் சேர்த்தவர்களை ஏற்றியது. சிறாரைப் படையில் சேர்த்த குற்றத்துக்காகப் பன்னாட்டு நீதிமன்றம் ஒன்று அளித்த முதல் தண்டனைத் தீர்ப்பு 2007 ஜூனில் இங்குதான் வந்தது. கட்டாயத் திருமணத்தை மனித குலத்துக்கு எதிரான குற்றமாக ஏற்றதும் இதே நீதிமன்றம்தான். படைநீக்க முகாமில் பெயர் பதியாத பெண்களுக்கு நடந்தவை, இவ்வாறு ஆண்டுகள் பல கழித்துத் தீர்ப்பு நகல்களில் பதிவாயின. அதற்குள் அவர்களில் பலர் கைக்குழந்தையோடு ஊர் திரும்பியிருந்தார்கள். நான் மேலே பாராட்டிய பள்ளிக்கூட ஏற்பாடு, படைநீக்கச் சான்று இல்லாத அந்தத் தாய்மாருக்காக வகுக்கப்பட்டதன்று.