கழுகும் காத்தாடியும் ஒரே வட்டத்தில்: 8×42 பைனாகுலர், ஒன்றரை வருடம் கழித்து

இந்த பைனாகுலரை நான் வாங்கக் காரணம் ஒரு செத்த பறவை.

எனக்குச் சொந்த ஊர் ஆரல்வாய்மொழி பக்கம், இப்போது குடியிருப்பது மேடவாக்கத்தில். சித்தப்பா ஊரில் காற்றாலைக்கு வாட்ச்மேன். காத்தாடி என்றுதான் நாங்கள் சொல்வோம். இரண்டு வருடம் முன்பு ஆவணியில் போயிருந்தபோது, "மக்ளே, இங்க வா" என்று கூப்பிட்டு ஒரு உரச்சாக்கை விரித்தார். பாம்புக் கழுகு. வெள்ளை வயிறு, ஆந்தைக்கு இருப்பதுபோல உருண்டைத் தலை. இடது இறக்கை தோளோடு போயிருந்தது. மஞ்சள் கண்ணில் எறும்பு. கால் நகங்கள் எதையோ பிடித்திருப்பதுபோல உள்ளே மடங்கியிருந்தன. பிரித்துப் பார்த்தேன், ஒன்றுமில்லை.

"அவ்வளவு கூர்மையான கண்ணு, முன்னால சுத்துறது தெரியாதா?" என்று கேட்டார் சித்தப்பா. அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. பிறகு தேடிப் படித்தேன். இரை தேடும்போது தலை குனிந்திருக்கிறது, பார்வை தரையில். பிணந்தின்னிக் கழுகுகளின் கண்களை ஆராய்ந்தவர்கள், தலை அப்படிச் சாய்ந்திருக்கையில் பறக்கும் திசையே அவற்றின் பார்வைக்குள் வருவதில்லை என்று கண்டிருக்கிறார்கள். காத்தாடி இறக்கையின் நுனியோ மணிக்கு 250 கிலோமீட்டருக்கும் மேலே போகிறது. தூரத்திலிருந்து நிதானமாகச் சுற்றுவதுபோலத் தெரிவது நம் கண்ணுக்கு மட்டும்தான்.

முதலில் வீட்டில் கிடந்த 10×50 ஒன்றை எடுத்துப்போனேன். முதல் எண் எத்தனை மடங்கு பெருக்கம் என்பது, இரண்டாவது முன்கண்ணாடியின் அகலம், மில்லிமீட்டரில். ஆரல்வாய்மொழிக் கணவாயில் ஆடிக் காற்று தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, ஆளையே தள்ளும். பத்து மடங்கு பெருக்கத்தில் கை நடுக்கமும் பத்து மடங்கு. கழுகைப் பிடித்தால் காத்தாடி வட்டத்துக்கு வெளியே போய்விடும், காத்தாடியைப் பிடித்தால் கழுகைக் காணோம். இரண்டுக்கும் நடுவே இருக்கும் இடைவெளியைப் பார்க்கத்தானே நான் போனேன்?

மவுண்ட் ரோடு பக்கம் ஒரு கேமரா கடையில் கேட்டபோது, "12× எடுங்க மேடம், நிலாவுல பள்ளமே தெரியும்" என்றார்கள். நான் 8×42 கேட்டு வாங்கினேன். விலை 21 ஆயிரம். கம்பெனிப் பெயரை எழுதவில்லை; இந்த விலையில் நல்ல 8×42 நாலைந்து இருக்கின்றன, நான் சொல்வதில் பெரும்பகுதி எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

பெட்டியில் முதலில் பார்க்க வேண்டிய எண், 1,000 மீட்டர் தூரத்தில் எத்தனை மீட்டர் அகலம் தெரியும் என்பது. என்னுடையதில் 142. பழைய 10×50-இல் 114. புதிய காத்தாடிகளில் பலவற்றுக்குச் சக்கரத்தின் குறுக்களவே 120 மீட்டருக்கு மேல். ஒரு கிலோமீட்டர் தள்ளி நின்றால் 120 மீட்டர்ச் சக்கரம் முழுதாக இந்த வட்டத்துக்குள் வரும், இருபுறமும் கொஞ்சம் வானமும் மிஞ்சும். அந்த மிச்ச வானத்தில்தான் கழுகு நுழைகிறது. பழையதில் இறக்கையின் நுனியே வெட்டுப்பட்டுப் போகும்.

ஒளி நன்றாக இருக்கிறது. 42-ஐ 8-ஆல் வகுத்தால் 5.25; அத்தனை மில்லிமீட்டர் அகலத்துக்கு வெளிச்சம் கண்ணுக்குள் வருகிறது. சாயங்காலம் ஆறு மணிக்கு, பறவை கறுப்பு நிழலாகத் தெரியும் நேரத்திலும், வாலின் வடிவம் பிரிந்து தெரிகிறது. கண்ணாடி போட்டிருப்பவள் நான், கழற்றத் தேவைப்படவில்லை.

பழகியது பள்ளிக்கரணையில். துரைப்பாக்கம் ரேடியல் ரோட்டோரம் நின்றால் பெருங்குடிக் குப்பைமேட்டின் மேலே கள்ளப்பருந்துகள் நூற்றுக்கணக்கில் வட்டமிடும். குளிர்காலத்தில் அந்தக் கூட்டத்துக்கு நடுவே ஒரு பெரும்புள்ளிக் கழுகு இருக்கும் நாளும் உண்டு. உலக அளவில் அழியும் அபாயத்தில் இருக்கிற பறவை, நம் குப்பைமேட்டின் மேலே. பருந்தின் வால் பிளவுபட்டிருக்கும், பறக்கும்போது சுக்கான்போலத் திருகிக்கொண்டே இருக்கும். கழுகின் வால் குட்டை, இறக்கை பலகைபோல அகலம், நுனி விரல்கள் லேசாகக் கீழே தொங்கும். கடந்த தை மாதம் ஒரு காலையில் அதைத் தனியாகப் பிரித்தெடுத்து, பெரும்பாக்கம் பக்கம் மறையும்வரை வட்டத்தை விட்டு நழுவாமல் தொடர்ந்தேன். இந்தக் கருவிக்குக் கொடுத்த காசு அன்றைக்கே கழிந்துவிட்டது. தேசிய காற்றாற்றல் நிறுவனம் இருப்பதும் இதே பள்ளிக்கரணையில்தான், வேளச்சேரி–தாம்பரம் சாலையில். நாட்டின் காற்றாலைகளுக்காக வேலை செய்கிறவர்கள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் அண்ணாந்து பார்த்தால் இந்தக் கழுகு தெரியும். பார்க்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

குறைகளும் உண்டு. வலது கண்ணுக்கான சரிசெய்யும் வளையம் இறுக்கமில்லை, பையில் உரசினாலே நகர்ந்துவிடுகிறது. நெயில் பாலிஷால் ஒரு புள்ளி வைத்திருக்கிறேன். கழுத்துவார் மட்டம், 670 கிராம் ஒரு மணி நேரத்தில் பிடரியை அறுக்கிறது. தோள் இரண்டிலும் மாட்டும் வாராக மாற்றியபின் சரியானது. ஏசி பஸ்ஸிலிருந்து இறங்கினால் வெளிக் கண்ணாடி பனிபடர்ந்து பத்து நிமிடம் ஒன்றும் தெரியாது. உள்ளே நைட்ரஜன் நிரப்பியிருப்பது உள்பக்கத்தை மட்டும்தான் காக்கும். சென்னை ஈரத்தில் பூஞ்சை பிடிக்காமலிருக்க, சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப்புகா டப்பாவில் வையுங்கள். கடைக்காரர் இதைச் சொல்ல மாட்டார்.

தூரத்துக்கும் ஒரு வரம்பு இருக்கிறது. ஒன்றரை கிலோமீட்டருக்கு அப்பால் பெரிய பறவை என்பது தெரியும், எந்தக் கழுகு என்பது தெரியாது. அதற்கு முக்காலியில் வைக்கும் தொலைநோக்கி வேண்டும். ஆனால் காத்தாடியை நிறுத்தச் சொல்ல, பெரிய பறவை என்று தெரிந்தாலே போதும். மணிக்கு 45 கிலோமீட்டரில் மிதந்து வரும் கழுகு ஒரு கிலோமீட்டரை 80 விநாடியில் கடந்துவிடும், சக்கரம் நிற்கவும் அவகாசம் தேவை. ஸ்பெயினில் காதிஸ் பகுதியில் இதைச் செய்து பார்த்திருக்கிறார்கள். ஆட்கள் காவலிருந்து, கழுகு நெருங்கினால் கட்டுப்பாட்டு அறைக்குச் சொல்ல, அந்த ஒரு காத்தாடியை மட்டும் நிறுத்துவார்கள். பிணந்தின்னிக் கழுகுகளின் சாவு பாதியாகக் குறைந்தது. இழந்த மின்சாரம் ஆண்டு உற்பத்தியில் 0.07 சதவீதம். நார்வேயின் ஸ்மோலா தீவில் மூன்று இறக்கைகளில் ஒன்றுக்குக் கறுப்புப் பெயின்ட் அடித்ததில் பறவைச் சாவு 70 சதவீதத்துக்கு மேல் குறைந்திருக்கிறது. எனக்குக் காற்று மின்சாரத்தின் மேல் விரோதமில்லை, எங்கள் ஊர் வீடுகள் பலவற்றில் அதனால்தான் அடுப்பெரிகிறது. நிறுத்த வேண்டிய அந்த இரண்டு நிமிடம் மட்டும் காத்தாடியை நிறுத்தினால் போதும் என்பதுதான் என் வேண்டுதல்.

போன மாதம் சித்தப்பாவிடம் கொடுத்தேன். முதலில் காத்தாடியின் போல்ட்டைப் பார்த்தார், பிறகு மலையை. அப்புறம் அரை மணி நேரம் திருப்பித் தரவே இல்லை. "நாலு மணிக்கு மேல மலைப்பக்கத்துல இருந்துதான் வருது மக்ளே, எப்பவும் அந்த மூணாவது காத்தாடிக்கு நேரே" என்றார். இருபது வருடம் அங்கே வேலை பார்ப்பவர். அவரிடம் இதுவரை யாரும் கேட்டதில்லை.

அவருக்கும் ஒன்று சொல்லியிருக்கிறேன், அதே 8×42. புதன்கிழமை வரும் என்றார்கள். வாரை மட்டும் முதலிலேயே மாற்றிக் கொடுக்கச் சொல்லிவிட்டேன்.