கிளைக் கணினியை இணைக்க: பாஸ்வேர்டா, சாவியா, சான்றிதழா?

நாகர்கோவிலில் தலைமை அலுவலகம். மார்த்தாண்டம், கருங்கல், குலசேகரம் என மூன்று கிளைகள். ராத்திரி பத்து மணிக்குக் கிளைகளின் கணக்கு தானாகத் தலைமை சர்வருக்கு வந்து சேர வேண்டும். இப்படியொரு ரப்பர் ஷீட் வியாபாரத்துக்குச் சில வருடம் கணினி வேலை பார்த்தேன். அங்கே பட்டதை வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

நான் போனபோது இருந்தது ஃபைல் அனுப்பும் பழைய முறையான எஃப்டிபியும் பாஸ்வேர்டும். ராத்திரி பத்து மணிக்குப் பாஸ்வேர்டு தட்ட ஆள் ஏது? அதனால் அந்த வேலையைத் தானாக ஓட்டும் ஸ்கிரிப்டுக்குள்ளேயே அதை எழுதி வைத்திருந்தார்கள். மூன்று கிளைக்கும் ஒரே பாஸ்வேர்டு. மாற்றினால் மூன்று ஊருக்கும் போக வேண்டும் என்பதால் வருடக்கணக்கில் மாற்றவே இல்லை. சாதாரண எஃப்டிபியில் பாஸ்வேர்டு மறைக்கப்படாமலே லைனில் போகும். ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக நெட்வொர்க்கில் இப்படிப் போன பாஸ்வேர்டுகளை யாரோ ஒட்டுக்கேட்டுத் திருடிய பிறகுதான், 1995ல் அங்கே ஆராய்ச்சியாளராக இருந்த தாத்து யூலோனென், எல்லாவற்றையும் மறைத்து அனுப்பும் எஸ்எஸ்ஹெச்சை எழுதினார். முப்பது நொடிக்கு ஒருமுறை மாறும் ஆறு இலக்க எண்ணைக் கூடச் சேர்க்கலாமே என்றால், மனிதர் உள்ளே நுழையும் இடத்தில் அது அருமையான காவல். ஸ்கிரிப்டுக்கு அது ஆகாது.

அடுத்தது எஸ்எஸ்ஹெச் சாவி. கிளைக் கணினியில் ரகசியமான தனிச்சாவி, சர்வரில் அதற்கு ஜோடியான பொதுச்சாவி. தனிச்சாவியால் போட்ட கையொப்பம் மட்டும் லைனில் போகும்; ரகசியம் கணினியை விட்டு வெளியே வராது. எஸ்எஸ்ஹெச்சின் இலவச வடிவமான ஓப்பன்எஸ்எஸ்ஹெச்சில் 2014 முதல் இருக்கும் எட்25519 வகைப் பொதுச்சாவி ஒரே சின்ன வரியில் அடங்கிவிடும். ஆனால் ஆளில்லாமல் ஓடும் வேலைக்கு என்பதால் தனிச்சாவிக்குப் பூட்டுச்சொல் வைக்க முடியாது. டிஸ்க்கில் அப்படியேதான் கிடக்கும். ஒருநாள் மார்த்தாண்டம் கணினியை ரிப்பேருக்குக் கொடுத்தார்கள், சாவியோடு. அந்தச் சாவியைச் சர்வரிலிருந்து நீக்கப் போனேன். அங்கே பதினொரு பொதுச்சாவி வரிகள். எது யாருடையது என்று சொல்ல ஒருவரும் இல்லை. வேறு வழியின்றி எல்லாவற்றையும் அழித்துவிட்டு, அன்று சாயங்காலமே மூன்று கிளைக்கும் ஓடினேன்.

அதிலிருந்து எந்த முறையைப் பார்த்தாலும், உள்ளே விட்ட கணினியை எவ்வளவு சீக்கிரம் வெளியே நிறுத்த முடியும் என்றுதான் முதலில் கேட்கிறேன்.

அந்தக் கேள்விக்கு நல்ல பதில் சான்றிதழிடம் இருக்கிறது. ஓப்பன்எஸ்எஸ்ஹெச்சில் இது 2010 முதல் உண்டு. கிளையின் பொதுச்சாவியில் தலைமை அலுவலகம் கையொப்பமிட்டு, இத்தனை நாள் செல்லும் என்று கெடு வைக்கிறது. சர்வரில் கிளைவாரியாக வரி சேர்க்க வேண்டாம். கையொப்பமிடும் சாவியை நம்பினால் போதும். கணினி கைமாறினால் புதுப்பிக்காமல் விட்டுவிடலாம், அவசரமென்றால் ரத்துப் பட்டியலில் சேர்க்கலாம். கையொப்பமிடும் அந்த ஒரு சாவி களவுபோனால் எல்லாமே போச்சு. அதை இணையம் தொடாத இடத்தில் வைத்தே ஆக வேண்டும்.

கெடுவை எவ்வளவு வைப்பது? பெரிய நகர நிறுவனங்கள் ஒரு நாளே போதும் என்பார்கள். நம் மாவட்டத்துக்கு அது சரிவராது. 2017 நவம்பர் 30ல் ஒக்கி புயல் அடித்தபோது எத்தனை ஊரில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை! கரண்ட் திரும்புவதற்குள் சான்றிதழ் செத்திருக்கும். முப்பது நாள் கெடு, வாரம் ஒருமுறை புதுப்பிப்பு என்று வைத்தால் மூச்சுவிட இடமிருக்கும். கெடுவைச் சரிபார்க்கும் சர்வரின் மதர்போர்டு பேட்டரி தீர்ந்து தேதி பின்னால் போனாலும் சான்றிதழ் செல்லாது. அந்தப் பேட்டரியையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு மைய சர்வர் தரும் டிக்கெட்டைக் காட்டி நுழையும் கெர்பரோஸ் முறை ஒரே கட்டடத்துக்குள் பிரமாதம். ஆனால் கடிகாரங்கள் ஐந்து நிமிடத்துக்கு மேல் விலகினால் வழக்கமான அமைப்பில் மறுத்துவிடும். டிக்கெட் தரும் சர்வரோடும் தொடர்பு வேண்டும். மழைக்கு லைன் அறுந்துபோகும் கிளைக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மூன்று நான்கு கிளை என்றால் சாவியே போதும், கிளைக்கு ஒன்றாக. கிளை பிராட்பேண்டில் ஐபி முகவரி மாறிக்கொண்டே இருந்தால் ‘இந்த முகவரியிலிருந்து மட்டும் வரலாம்’ என்ற கட்டுப்பாடு நிற்காது. ‘இந்தச் சாவி இந்த ஒரு கட்டளையை மட்டும் ஓட்டலாம்’ என்ற கட்டுப்பாட்டைப் போடுங்கள். கிளை பத்தைத் தாண்டினால் சான்றிதழுக்கு மாறிவிடுங்கள். அதுவரை ஒவ்வொரு பொதுச்சாவி வரியின் கடைசியிலும் கிளைப் பெயரையும் தேதியையும் எழுதி வையுங்கள்.