பத்து வாரப் பயிற்சியும் அலமாரியில் கிடந்த ஐந்து அறிக்கைகளும்

வெளிநாடுகளில் இயங்கும் சிறிய தொண்டு அமைப்புகளில் கல்லூரி மாணவர்களைப் பத்து வாரப் பயிற்சிக்கு அமர்த்தித் தரும் ஏற்பாட்டு நிறுவனம் ஒன்றின் வழியாகச் சென்று திரும்பி ஓராண்டு ஆகிவிட்டது. திரும்பிய வாரமே எழுதியிருந்தால் இந்த மதிப்பீடு வெறும் பாராட்டாகவோ வெறும் புகாராகவோ முடிந்திருக்கும். நிறுவனத்தின் பெயரையும் நான் பணியாற்றிய நாட்டின் பெயரையும் சொல்லாமல் விடுகிறேன். மலையடிவாரச் சிற்றூர்களில் பெண்களின் சேமிப்புக் குழுக்களை நடத்திவரும் அந்த அமைப்பு மிகச் சிறியது. நாட்டைச் சொன்னாலே அதைக் கண்டுபிடித்துவிடலாம். தவிர, வேறு நிறுவனங்கள் வழியாகப் போய்வந்த நண்பர்கள் சொன்னவையும் என் அனுபவத்தைப் பெரிதும் ஒத்திருந்ததால், இங்கே எழுதுவது ஒரு நிறுவனத்துக்கு மட்டும் பொருந்துவதன்று என்று நினைக்கிறேன்.

கட்டணத்துக்கு அவர்கள் தருவதாகச் சொன்னவை: நமது படிப்புக்குப் பொருத்தமான அமைப்பைத் தேர்ந்து தருதல், முதல் வாரம் மொழி வகுப்புடன் கூடிய அறிமுகப் பயிற்சி, உள்ளூர்க் குடும்பம் ஒன்றில் தங்குமிடம், மருத்துவக் காப்பீடு, களத்திலேயே வசிக்கும் ஓர் ஒருங்கிணைப்பாளர், இறுதியாக நாமே வகுத்து நடத்தும் திட்டத்துக்கு ஒரு சிறு நிதி. இவற்றில் எதையும் அவர்கள் தராமல் ஏமாற்றவில்லை. விசாவில் மட்டும் கவனம் வேண்டும். ஊதியமில்லாத பணி என்பதால் சுற்றுலா விசாவே போதும் என்று அலுவலகத்தில் ஒருவர் போகிறபோக்கில் சொன்னார். பல நாடுகளில் ஊதியம் இருக்கிறதா இல்லையா என்பதைவிட, செய்வது பணியா என்பதையே குடியேற்ற அதிகாரிகள் பார்க்கிறார்கள். நான் அந்நாட்டுத் தூதரகத்துக்கு நேரடியாக எழுதிக் கேட்டு, தன்னார்வலர்களுக்கான தனி விசா பெற்றேன். இதை நிறுவனமே முதலில் சொல்லியிருக்க வேண்டும்.

தேர்வு நேர்காணல் நான் எதிர்பார்த்ததைவிடக் கடுமையாக இருந்தது, அது நல்லதுதான். காவல்துறைச் சான்று கேட்டார்கள். கணக்குப் பதிவு தெரியுமா, குழுவில் கருத்து வேறுபாடு வந்தால் என்ன செய்வாய் என்றெல்லாம் கேட்டார்கள். ஆனால் அவர்கள் காட்டிய பட்டியலில் குழந்தைகள் காப்பகம் ஒன்றும் இருந்தது என் மனத்தை உறுத்தியது. சில வாரங்கள் வந்து பழகிப் பிரிந்துபோகும் மாணவர்களால் அங்குள்ள குழந்தைகளுக்கு நேரும் பாதிப்பு ஒருபுறமிருக்க, பார்வையாளர்கள் கொண்டுவரும் பணத்துக்காகவே பெற்றோர் உள்ள குழந்தைகளைக் காப்பகங்களில் சேர்க்கும் வழக்கம் பல நாடுகளில் அம்பலமாகியிருக்கிறது. 2019-இல் ஐ.நா. பொதுச்சபை குழந்தைகளின் உரிமைகள் பற்றி நிறைவேற்றிய தீர்மானமே காப்பகங்களில் நடக்கும் தன்னார்வத் திட்டங்களின் தீங்கைக் குறிப்பிடுகிறது. அதற்குப் பிறகும் காப்பகம் பட்டியலில் ஏன் இருக்கிறது என்று கேட்டேன். மாணவர்கள் அதிகம் விரும்பிக் கேட்பது அதைத்தான் என்று பதில் வந்தது. உண்மையைச் சொன்னார்கள் என்பதைத் தவிர அந்தப் பதிலில் பாராட்ட ஒன்றுமில்லை.

இந்தச் சேவையில் கொடுத்த பணத்துக்கு முழுமதிப்புள்ள பகுதி எது என்று கேட்டால், சற்றும் தயங்காமல் களத்தில் இருந்த ஒருங்கிணைப்பாளர் என்பேன். அவர் அந்த மாவட்டத்திலேயே பிறந்து வளர்ந்தவர், பதினோரு ஆண்டுகளாக இந்த வேலையைச் செய்பவர். எந்தத் தலைவரை முதலில் போய்ப் பார்க்க வேண்டும், எந்தக் கூட்டத்தில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருக்க வேண்டும், தங்கியிருக்கும் வீட்டில் எதற்கு நன்றி சொல்ல வேண்டும், எதற்கு நன்றி சொன்னால் அந்நியப்படுத்துவதாகிவிடும் என்பதையெல்லாம் கையேடு சொல்லவில்லை, அவர்தான் சொன்னார். தலைமை அலுவலகத்தின் மின்னஞ்சல்களில் நான் எப்போதும் ‘மாற்றத்தை ஏற்படுத்துபவர்’. அவருடைய பேச்சில் நான் எப்போதும் ‘இந்த முறை வந்திருப்பவர்’. இரண்டாவதே சரியான பெயர் என்பது போகப்போகத்தான் விளங்கியது.

விளங்கவைத்தது ஓர் இரும்பு அலமாரி. எனக்கு ஒதுக்கப்பட்ட வேலை, நான்கு சிற்றூர்களில் அடிப்படைக் கணக்கெடுப்பு நடத்தி, அதிலிருந்து ஒரு திட்டத்தை வகுப்பது. மூன்றாம் வாரம், கேள்விப் படிவத்தைத் தூக்கிக்கொண்டு சென்ற முதல் வீட்டிலேயே அந்தப் பெண்மணி, என் மொழித் தடுமாற்றத்தைப் பொறுமையாகக் கேட்டு முடித்துவிட்டு, போன முறை வந்த பெண்ணும் எத்தனை பிள்ளைகள் என்றுதான் கேட்டாள், அதற்கு முன் வந்த பையனும் அதைத்தான் கேட்டான், எண்ணிக்கை இன்னும் மாறவில்லை என்றார். ஒருங்கிணைப்பாளர் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மாலையில் அமைப்பின் அலுவலகத்துக்குத் திரும்பி, முன்பு வந்தவர்களின் அறிக்கைகள் ஏதேனும் இருக்கின்றனவா என்று கணக்காளரிடம் கேட்டபோது, அவர் அலமாரியைத் திறந்து, சுருள் கம்பி கட்டிய ஐந்து அறிக்கைகளை எடுத்து மேசைமேல் வைத்தார். ஐந்தும் அதே நான்கு சிற்றூர்கள். ஐந்துக்கும் ஐந்து விதமான கேள்விகள். ஒருவர் குடும்பத்தைக் கணக்கிட்டிருந்தார், இன்னொருவர் வீட்டைக் கணக்கிட்டிருந்தார், மூன்றாமவர் அடுப்பைக் கணக்கிட்டிருந்தார். பெரும்பாலும் ஒன்றோடொன்றை ஒப்பிட வழியே இல்லை. ஒவ்வொன்றின் முன்னுரையிலும் இப்பகுதி பற்றி இதுவரை முறையான தரவு இல்லை என்ற வாக்கியம் தவறாமல் இருந்தது. நானும் என் முன்மொழிவில் அதே வாக்கியத்தை எழுதி அனுப்பியிருந்தேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும்.

அந்த ஐந்தையும் இரண்டு இரவுகள் படித்தபோது வேறொன்று கண்ணில் பட்டது. எல்லாமே பல்கலைக்கழக விடுமுறை மாதங்களில் எடுக்கப்பட்டவை; அந்த மாதங்களில் அங்கே மழைக்காலம். ஆகவே ஐந்து அறிக்கைகளும் சாலை மோசம், கொசு அதிகம், குடிநீருக்குக் குறைவில்லை என்று ஒரே குரலில் சொல்கின்றன. ஆனால் சேமிப்புக் குழுவின் பெண்கள் வருடந்தோறும் கடன் வாங்குவது, ஊற்று வற்றிய பிறகு தண்ணீர் சுமக்கவே நாளின் பாதி போய்விடுகிற வறண்ட மாதங்களில்தான் என்பது குழுவின் கடன் பேரேட்டைப் பார்த்தாலே தெரிந்தது. வெளியிலிருந்து வரும் ஆய்வாளர்களும் அதிகாரிகளும் சாலையோரச் சிற்றூர்களை மட்டும், பயணத்துக்கு வசதியான பருவத்தில் மட்டும் பார்த்துவிட்டு வறுமையை அளந்ததாக நினைக்கிறார்கள் என்று ஊரக வளர்ச்சி ஆய்வாளர் ராபர்ட் சேம்பர்ஸ் 1980களிலேயே எழுதினார். அவர் சொன்ன வசதியான பருவம் மழையற்ற பருவம். எங்களுக்கு அமைந்ததோ மழைப் பருவம். பருவம்தான் வேறு, பிழை அதே. மாணவர்களின் கல்வி நாட்காட்டிக்கு ஏற்பப் பயிற்சியை அமைக்கும் எந்த நிறுவனமும் இந்தப் பிழையைத் திரும்பத் திரும்பச் செய்யும், அதை உணராமலேயே செய்யும்.

சிறுநிதியைப் பற்றியும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் விளம்பரத்தில் முதலிடம் பெறுவது அதுதான். ஏழாம் வாரத்துக்குள் முன்மொழிவு, வரவு செலவுத் திட்டம், நான் போன பிறகு யார் தொடர்ந்து நடத்துவார் என்பதற்கான விளக்கம் ஆகியவற்றை எழுதித் தர வேண்டும். எழுதக் கற்றுக்கொண்டது எனக்கு உண்மையான லாபம். ஆனால் அமைப்பின் செயலாளரிடம் உங்களுக்கு என்ன தேவை என்று கேட்டபோது, முந்தைய பயிற்சி மாணவர் ஒருவர் கட்டிய மழைநீர்த் தொட்டி விரிசல் விட்டிருக்கிறது, அதைப் பழுதுபார்த்தால் போதும் என்றார். நிறுவனத்தின் விதிப்படி பழுதுபார்ப்பு ‘திட்டம்’ ஆகாது. புதிதாக ஒன்றைத் தொடங்க வேண்டும். புதிதாகத் தொடங்கியதெல்லாம் இரண்டு ஆண்டுகளில் பழுதாகும், பழுதானதைச் சரிசெய்ய நிதி இல்லை, எனவே அடுத்தவர் இன்னொன்றைத் தொடங்குவார். ஒருங்கிணைப்பாளரும் நானும் கூடிப் பேசி, ‘மழைநீர்ச் சேமிப்பு மேலாண்மைப் பயிற்சி’ என்று தலைப்பிட்டு, அதன் செயல்முறை விளக்கமாக விரிசலை அடைத்தோம். விதியை வளைத்ததில் எனக்கு வருத்தமில்லை, வளைக்க வேண்டியிருந்ததில்தான் வருத்தம்.

ஒரு சமூகத்தில் இல்லாதவற்றைப் பட்டியலிட்டுத் தொடங்குவதற்குப் பதிலாக, அங்கே ஏற்கனவே இருக்கும் திறன்கள், உறவுகள், அமைப்புகள் ஆகியவற்றிலிருந்து தொடங்க வேண்டும் என்று அமெரிக்கச் சமூக ஆய்வாளர்கள் ஜான் கிரெட்ஸ்மனும் ஜான் மெக்நைட்டும் 1993-இல் முன்வைத்த அணுகுமுறையை அறிமுக வாரத்தில் அரைநாள் முழுக்கக் கற்பித்தார்கள், நன்றாகவே கற்பித்தார்கள். அந்த அணுகுமுறையை நிறுவனம் தன் நிதிவிதியில் கடைப்பிடித்திருந்தால் தொட்டிக்குப் புனைபெயர் சூட்டும் தேவை வந்திருக்காது.

பத்து வாரம் போதுமா என்ற கேள்விக்கு வருகிறேன். முதல் வாரம் அறிமுகம், அடுத்த இரண்டு வாரம் ஊரையும் மொழியையும் பழகுதல், இடையில் நான்கு நாள் காய்ச்சல், கடைசி வாரம் அறிக்கையும் விடைபெறுதலும். மிச்சமிருப்பது ஆறு வாரம்கூட இல்லை. 1961-இல் தொடங்கிய, அமெரிக்க அரசின் தன்னார்வலர் அமைப்பான அமைதிப் படை (Peace Corps) தன் தன்னார்வலர்களை ஏறத்தாழ மூன்று மாதம் பயிற்றுவித்து இரண்டு ஆண்டுகள் களத்தில் இருத்துகிறது. அவ்வளவு காலத்துக்குப் பிறகும் என்ன மிஞ்சுகிறது என்ற விவாதம் ஓய்ந்தபாடில்லை. 1968-இல் மெக்சிகோவின் குவெர்னவாகா நகரில், தன் முன் கூடியிருந்த அமெரிக்க மாணவத் தன்னார்வலர்களிடம், பார்க்க வாருங்கள், மலையேற வாருங்கள், படிக்க வாருங்கள், ஆனால் உதவி செய்ய மட்டும் வராதீர்கள் என்ற பொருளில் சமூகச் சிந்தனையாளர் இவான் இலிச் பேசியது பலருக்கும் தெரிந்திருக்கும். புறப்படும் முன் அதைப் படித்தபோது மிகை என்று தோன்றியது. இப்போது அதில் ‘படிக்க வாருங்கள்’ என்ற பகுதியை நான் மிகவும் ஏற்கிறேன். பத்து வாரம் படிப்பதற்குப் போதும். சொந்தமாக ஒரு திட்டம் நடத்தப் போதாது; நிறுவனம் விற்பதோ இரண்டாவதை.

கடைசியில் நான் செய்து முடித்தது கவர்ச்சியற்ற வேலை. ஆறாவது கணக்கெடுப்பை நிறுத்திவிட்டு, ஐந்து அறிக்கைகளிலும் பொதுவாக இருந்த சிலவற்றையும் குழுக்களின் கடன் பேரேடுகளையும் கணக்காளரோடு உட்கார்ந்து ஒரே விரிதாளில் ஏற்றினேன். அவர் என்னைவிட வேகமாகக் கற்றுக்கொண்டார். இரண்டு இடங்களில் என் கூட்டல் வாய்ப்பாட்டில் இருந்த தவறையும் அவரே கண்டுபிடித்தார். எந்த மாதத்தில் எந்தச் சிற்றூரில் கடன் கூடுகிறது என்பது ஒரே பார்வையில் தெரியும்படி அமைந்தபோது, செயலாளர் அதை அச்சிட்டு மாவட்ட அலுவலகத்துக்கு எடுத்துச் சென்றார்.

கட்டணத்தில் எவ்வளவு பங்கு களத்திலுள்ள அமைப்புக்குப் போகிறது என்று இருமுறை எழுதிக் கேட்டும் தெளிவான எண் வரவில்லை. தங்கவைத்த குடும்பத்துக்கு வாரந்தோறும் ஒழுங்காகப் பணம் வந்ததை நானே பார்த்தேன். அமைப்புக்கு வந்தது சிறுநிதி மட்டுமே என்று செயலாளர் சொன்னார். ஐ.நா. தலைமைச் செயலகத்தின் பயிற்சிப் பணிகளுக்கு ஊதியம் கிடையாது என்பதும், 2015-இல் ஜெனீவாவில் வாடகை கொடுக்க வழியின்றிக் கூடாரத்தில் தங்குவதாகச் சொன்ன பயிற்சி மாணவர் ஒருவர் செய்தியானதும், வசதியுள்ளோர்க்கே இந்த வாய்ப்புகள் எட்டும் என்ற விமர்சனத்தை வலுப்படுத்தின. இங்கே ஊதியமில்லாததோடு நாமே பணமும் கட்டுகிறோம்; அந்தப் பணம் எங்கே போகிறது என்று தெரிந்துகொள்ளும் உரிமையாவது நமக்கு உண்டு. முடிவில் நிரப்பச் சொன்ன பதினான்கு பக்க மதிப்பீட்டுப் படிவத்தில் அறை, உறக்கம், மனநிறைவு எல்லாம் கேட்டிருந்தார்கள். அமைப்பிடம் என்னைப் பற்றி ஒரு பக்கம்கூடக் கேட்கவில்லை.

சேரலாமா என்று கேட்பவர்களுக்கு: களப்பணி எப்படி நடக்கிறது என்று அருகிலிருந்து கற்க விரும்புகிற, ஊர்மொழியில் கொஞ்சமாவது பேச முயல்கிற மாணவர்களுக்கு இந்தச் சேவை தகும், ஐந்துக்கு மூன்று மதிப்பெண் தருவேன், அதில் இரண்டு ஒருங்கிணைப்பாளருக்கு உரியவை. பணம் கட்டுவதற்கு முன், நீங்கள் போகப்போகும் அமைப்பில் முன்பு இருந்தவர்களின் அறிக்கைகளை அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். அனுப்பாவிட்டால், அவர்களுள் ஒருவரின் தொடர்பையாவது கேட்டு வாங்குங்கள்.

இந்த ஆண்டு அதே அமைப்புக்குத் தேர்வாகியிருக்கும் மாணவி ஒருவர் சென்ற மாதம் எனக்கு எழுதினார். நான்கு சிற்றூர்களில் அடிப்படைக் கணக்கெடுப்பு நடத்துவது அவருக்கு ஒதுக்கப்பட்ட வேலை. விரிதாள் அவருக்கு நிறுவனத்திடமிருந்து வரவில்லை. நான் அனுப்பினேன்.