மாதிரிக் கட்டுரையா, குறிப்புச் சட்டகமா, வரைவும் திருத்தமுமா?

தமிழ்ப் பாடவேளையில் கட்டுரை எழுதக் கற்றுக்கொடுக்க மூன்று வழிகள் புழங்குகின்றன. முழுக் கட்டுரையையும் கரும்பலகையில் எழுதிப்போட்டு ஏட்டில் எழுதச் சொல்வது முதல் வழி. முன்னுரை, உட்தலைப்புகள், முடிவுரை என்று குறிப்புச் சட்டகம் தந்து விரித்தெழுதச் சொல்வது இரண்டாவது. பிள்ளைகளே வரைவு எழுதித் திருத்தி மறுபடி எழுதுவது மூன்றாவது.

முதல் வழியில் வேலை ஒரே பாடவேளையில் முடியும், ஏடும் பிழையில்லாமல் இருக்கும். ஆனால் நடப்பது கையெழுத்துப் பயிற்சிதான். தலைப்பு சற்று மாறினாலும் மனப்பாடப் பத்தி அப்படியே வந்து விழும்.

சட்டகத்தை ஒதுக்க முடியாது. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்விலேயே குறிப்புகளைக் கொண்டு எழுதும் கட்டுரைக்கு 8 மதிப்பெண். இதில் உள்ள குறை, எதைச் சொல்வது, எந்த வரிசையில் சொல்வது என்ற முடிவுகளைக் கேள்வித்தாளே எடுத்துவிடுவது. அதனால் குறிப்புக்கு இரண்டு வாக்கியம் வீதம் ஒட்டிவைத்த கட்டுரைகள் வருகின்றன. குறிப்புகளை வரிசை கலைத்து, வேண்டாத இரண்டைச் சேர்த்துக் கொடுங்கள். எதை நீக்கினோம், ஏன் நீக்கினோம் என்று பிள்ளைகள் சொன்ன பிறகே எழுத விடுங்கள்.

உண்மையில் எழுதக் கற்பது மூன்றாவது வழியில்தான். 40 நிமிடப் பாடவேளைகள் நான்கு வேண்டும். தலைப்பு கண்ணால் பார்த்ததாக இருக்கட்டும்: ‘மழைநீர் சேகரிப்பு’ வேண்டாம், ‘எங்கள் தெருவில் மழைநீர் எங்கே போகிறது’ போதும். முதல் வேளையில் பக்கத்து மாணவரோடு பேசி, பன்னிரண்டு குறிப்புகள் எழுதி, பாதியை அடிக்க வேண்டும். இரண்டாவதில் 25 நிமிடம் வரைவு: வலப்பக்கம் மட்டும், ஒரு வரி விட்டு ஒரு வரி, அழிப்பான் கூடாது. மூன்றாவதில் வரைவை வாய்விட்டுப் படித்துக்காட்ட, கேட்பவர் இரண்டு கேள்வி கேட்பார். பதில் இடப்பக்கத்தில் ஏறும். நான்காவதில்தான் ஒற்று மிகும் இடம், ல-ள-ழ, ர-ற, ன-ண பார்ப்பது.

பெரும்பாலும் இது கெடுவது ஆசிரியரின் சிவப்பு மையால். முதல் வரைவிலேயே எழுத்துப்பிழையை வட்டமிட்டால், பிள்ளை அந்த எழுத்தை மட்டும் சரிசெய்து அழகாகப் படியெடுத்துவரும். நீக்கவேண்டிய வாக்கியம்கூடப் பிழை திருத்தப்பட்டு அங்கேயே இருக்கும். முதல் வரைவில் பொருள் பற்றி ஒரே ஒரு குறிப்பு எழுதினால் போதும்.

இன்னொரு தவறு, இந்த நான்கையும் மாறாத படிவரிசையாக்கிச் சுவரில் ஒட்டிவிடுவது. 1981இல் அமெரிக்காவில் லிண்டா ஃபிளவர், ஜான் ஹேய்ஸ் இருவரும், எழுதுவோர் தம் நினைப்பை வாய்விட்டுச் சொன்னதைப் பதிந்து ஆராய்ந்து, திட்டமிடல், எழுதல், திருத்தல் மூன்றுக்கும் இடையே அவர்கள் முன்னும் பின்னும் போய்வருவதை எடுத்துக்காட்டினர். மூன்றாம் வேளையில் ஒரு மாணவி குறிப்புகளையே மாற்ற விரும்பினால் மாற்றட்டும்.

ஏடு திருத்தும் சுமைதான் மெய்யான தடை. ஏட்டுக்கு மூன்று நிமிடம் என்றாலும் 40 பேருக்கு இரண்டு மணி நேரம். ஒரு வரைவுக்குப் பத்து ஏடு மட்டும் வாங்கிப் பாருங்கள். அடுத்த முறை அடுத்த பத்து.

ஆறு முதல் ஒன்பது வரை கட்டுரைகளின் எண்ணிக்கையைப் பாதியாக்கி, எல்லாவற்றையும் வரைவு முறையில் எழுதவைக்கலாம். பத்தாம் வகுப்பில் அரையாண்டுத் தேர்வு வரை அதே முறை; ஜனவரி முதல் கடிகாரம் வைத்துச் சட்டகப் பயிற்சி, குறிப்புகளை வரிசைப்படுத்த 5 நிமிடம், எழுத 20 நிமிடம், படித்துப் பார்க்க 3 நிமிடம்.