பெடலில் யாருடைய கால்? மஞ்சக்குப்பத்தில் 21 நாள் கார் பயிற்சி

கார் ஓட்டும் உரிமம் என்னிடம் 2019 முதல் இருக்கிறது. பீரோவில், பட்டுப்புடவைகளுக்கு அடியில், ரேஷன் அட்டையோடு. கார் ஓட்டத்தான் தெரியாது. எங்கள் பள்ளி ஆசிரியர் அறையிலேயே என்னைப் போல இன்னும் இரண்டு பேர் உண்டு.

அந்த உரிமத்தை வாங்கிக் கொடுத்த பயிற்சிப் பள்ளியின் பெயர் வேண்டாம். பத்து நாள், நாளுக்கு இருபது நிமிடம், "பிரமாதம் மேடம்" என்று தெருவுக்கொரு பாராட்டு. பயிற்சி வண்டியில் சொல்லிக்கொடுப்பவர் பக்கமும் ஒரு கிளட்சும் பிரேக்கும் இருக்கும். பத்து நாளும் வண்டியை ஓட்டியவை அவருடைய கால்கள். நான் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி பாராட்டை வாங்கிக்கொண்டிருந்தேன். பிறகு வீட்டு வண்டியை எடுத்த முதல் நாள், தெருமுனையைத் தாண்டுவதற்குள் நான்கு முறை அணைந்தது. பின்னால் வந்த பால்காரர் இறங்கி வந்து, "அக்கா, நான் ஓரமாக நிறுத்தித் தரட்டுமா?" என்றார். நல்ல மனிதர்தான். அன்று ஆணியில் மாட்டிய சாவி, கணவருக்குக் கண் அறுவை சிகிச்சை ஆகும்வரை அங்கேயே தொங்கியது.

இப்போது நான் 21 நாள் கற்றுக்கொண்ட பயிற்சிப் பள்ளி, கடலூர் மஞ்சக்குப்பத்தில் மஞ்சை நகர் மைதானத்துக்குப் பின் தெருவில் ஒரு சின்ன அறை. உரிமையாளரே பயிற்றுநர், முன்பு லாரி ஓட்டியவர், வயது அறுபதை நெருங்கும். கட்டணம் 7,000 ரூபாய். ஏற்கெனவே உரிமம் இருக்கிறது என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன். "அது கிடக்கட்டும் டீச்சர். காலை ஆறு மணிக்கு வர முடியுமா?" என்றார்.

1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி கார் பயிற்சி 21 நாளுக்குக் குறையக்கூடாது. வண்டி ஓட்டுவது மட்டுமே 10 மணி நேரமாவது இருக்க வேண்டும். அதை எழுதி வைக்கப் படிவம் 15 என்றொரு பதிவேடு உண்டு. இங்கே தினமும் அதில் என் கையெழுத்தை வாங்கினார். முன்னே போன இடத்தில் அப்படி ஒன்றை நான் கண்ணால்கூடப் பார்த்ததில்லை.

அது அரசாங்கக் கணக்கு. அவருக்கென்று ஒரு சொந்தக் கணக்கும் இருந்தது: அன்றைக்குத் தன் கால் எத்தனை முறை பெடலுக்குப் போனது என்று ஒரு பழைய டைரியில் குறிப்பார். முதல் நாள் 31. எழுதி என் முகத்துக்கு நேரே காட்டினார், ஆறுதலாக ஒரு சொல் இல்லை. எனக்குக் கோபம்தான் வந்தது. மறுநாள் 33.

முதல் மூன்று நாளும் தேவனாம்பட்டினம் சாலையில் ஆக்சிலரேட்டரைத் தொடவே விடவில்லை. கிளட்சை மட்டும் மெல்ல விட்டு வண்டியை நகர்த்த வேண்டும். ஓரிடத்தில் வண்டி லேசாக அதிரும். கால் அங்கே நிற்க வேண்டும். இருபது வருடமாகத் தையல் மிஷின் மிதித்த கால் என்னுடையது. அந்த அதிர்வு பிடிபட்டதும், இது எனக்குத் தெரிந்த வேலையாயிற்றே என்று தோன்றியது. ஐந்தாம் நாள் 19. பத்தாம் நாள் 6. கேப்பர் மலை ஏற்றத்தில் நிறுத்தி எடுக்கச் சொன்ன அன்று மறுபடி 14. எனக்கு அழுகை வந்துவிட்டது. "நேற்று சமதரை, இன்று மேடு. இரண்டையும் ஒரே தராசில் வைக்காதீர்கள்" என்றார்.

பதினேழாம் நாள், அண்ணா பாலத்தில் ஏறும்போது வண்டி அணைந்தது. பின்னால் தனியார் பஸ். அவை எவ்வளவு நேரம் பொறுக்கும் என்பது ஊரறிந்தது. பயிற்றுநரின் பக்கம் பார்த்தேன். இரண்டு கால்களையும் இருக்கைக்கு அடியில் இழுத்து வைத்துக்கொண்டு கீழே கெடிலம் ஆற்றை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். ஹேண்ட் பிரேக், நியூட்ரல், சாவி, முதல் கியர், அந்த அதிர்வு. வண்டி ஏறிவிட்டது. டைரியில் அன்று 2. வண்டி அணைந்ததைச் சேர்க்கவில்லையே என்று கேட்டேன். "அணைத்தது உங்கள் கால், எடுத்ததும் உங்கள் கால். நான் என் காலைத்தான் எண்ணுகிறேன்."

குறைகளும் உண்டு. ஏ.சி. கிடையாது. தொலைபேசியை எடுக்கவே மாட்டார். நேரில்தான் போக வேண்டும். பெண் பயிற்றுநர் இல்லை, இதனாலேயே என் தங்கை சேர மறுத்துவிட்டாள். ரிவர்ஸுக்கு இரண்டே நாள் கொடுத்தது போதாது. லாரன்ஸ் ரோடு கடைகளுக்கு முன் வண்டியைச் செருக இன்றைக்கும் எனக்கு யாராவது கை காட்ட வேண்டியிருக்கிறது. ஐந்துக்கு நான்கு நட்சத்திரம்.

கடைசி நாள் கணக்கு 1. கடற்கரைக்குத் திரும்பும் இடத்தில் ஒரு நாய் குறுக்கே வந்தது. என் காலை முந்திக்கொண்டு அவர் கால் போய்விட்டது. கடைசி நாளாவது பூஜ்யம் போடக்கூடாதா என்று கேட்டேன். மாற்றவில்லை. சேர்பவர்கள் ஆறு மணி வகுப்பையே கேட்டு வாங்குங்கள். ஏழரைக்கு மேல் பள்ளி வேன்கள் வந்துவிடும்.