டிபி கதவில் ஒரு காலண்டர் அட்டை

மச்சினன் காரமடையில் வீடு கட்டுகிறான். சுவரில் பைப் பதித்தாயிற்று, இனி வயர் இழுக்க வேண்டியதுதான். போன வியாழக்கிழமை கூப்பிட்டு, "மாமா, உங்க வீட்டு ஸ்மார்ட் டிபி எப்படிங்க? நானும் போட்டுக்கலாமுங்களா?" என்று கேட்டான். டிபி என்றால் மெயின் கரண்ட் வீட்டுக்குள் பிரியும் பெட்டி. ஸ்மார்ட் டிபி எது எவ்வளவு இழுக்கிறது என்று போன் ஆப்பில் காட்டும், அங்கிருந்தே நிறுத்தவும் விடும். அன்று காலைதான் அதே டிபிக்கு ரிப்பேர் செலவாக 4,200 ரூபாய் எண்ணிக் கொடுத்திருந்தேன்.

"வேண்டாம்" என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். இரண்டு வருஷம் வைத்திருந்தவன் ஒற்றை வார்த்தையில் முடிப்பது நியாயமில்லை என்று அப்புறம்தான் பட்டது.

எங்கள் வீடு கோவையில், 2011இல் கட்டியது. த்ரீ பேஸ். பழைய பெட்டியில் லோடு அதிகமானால் விழும் எம்சிபி மட்டும்தான், கரண்ட் கசிந்தால் விழும் ஆர்சிசிபி கிடையாது. புதியதை மாட்ட விற்றவர்களே ஆள் அனுப்பினார்கள். கூலி மட்டும் 14,000. எங்கள் தெரு எலக்ட்ரீஷியன் 3,000க்கு முடித்துத் தருகிறேன் என்றார். வீட்டில் அதை இன்றைக்கும் சொல்லிக்காட்டுகிறார்கள்.

அந்தக் கூலி தண்டமில்லை. விற்றவர்கள் அனுப்பிய ஆள் பேஸுக்கு ஒன்றாக மூன்று ஆர்சிசிபி மாட்டி மெயினைப் போட்டார். மாடியில் ஃபேனைப் போட்டதும் கீழே ஃபிரிட்ஜ் நின்றது. போகிற கரண்ட்டும் திரும்பி வருகிற கரண்ட்டும் சமமா என்று பார்ப்பதுதான் ஆர்சிசிபியின் வேலை. திரும்பி வருவதில் 30 மில்லி ஆம்பியர் குறைந்தாலே விழுந்துவிடும். எங்கள் வீட்டிலோ ஒரு பேஸில் போன கரண்ட் வேறொரு பேஸின் நியூட்ரலில் திரும்பிக்கொண்டிருந்தது. "நியூட்ரலெல்லாம் கலந்து கெடக்குதுங்க சார்" என்றார். மூன்றையும் எடுத்துவிட்டுப் பழையபடி விட்டுப் போயிருந்தால் எனக்குத் தெரிந்திருக்கவே போவதில்லை. அவர் ஒன்றரை நாள் உட்கார்ந்து ஒவ்வொரு சுவிட்ச் பாக்ஸாகக் கழற்றி, நியூட்ரலைப் பிரித்து, வயருக்கு வயர் நம்பர் ஒட்டினார். அந்த ஒட்டு இன்றும் உரியவில்லை.

முதல் வாரம் ஒரு கூத்து நடந்தது. 2,000 வாட்ஸ் கீசரைப் போட்டால் ஆப்பில் மைனஸ் 1,000 காட்டியது. குளிக்கக் குளிக்க மின்வாரியத்துக்குக் கரண்ட் விற்கிறேனோ என்று சந்தோஷப்பட்டேன். கீசர் வயரைக் கவ்விக் கரண்ட்டை அளக்கும் சிடி என்ற வளையத்தை ஆப்பில் வேறு பேஸுக்குச் சேர்த்திருந்தாராம். பேஸுக்கும் பேஸுக்கும் 120 டிகிரி வித்தியாசம் என்பதால் கணக்கு பாதியாகி, மைனஸும் ஆகிவிடுமாம். போனிலேயே திருத்தச் சொல்லிக்கொடுத்தார். அதன் பிறகு இரண்டு மாத ரீடிங்குக்கும் ஆப் காட்டுவதற்கும் ஐந்தாறு யூனிட்டுக்கு மேல் வித்தியாசம் வந்ததில்லை. 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ்ப்படி யூனிட்டுகளின் விலையும் சேர்ந்து ஏறும் ஊரில் இது சின்ன விஷயமில்லை. 480ஐத் தொட்டதும் நான் ஏசி ரிமோட்டை ஒளித்துவைப்பேன்.

இதைவிடப் பெரிய உபகாரம் மோட்டாரால் வந்தது. போன சித்திரையில் பொள்ளாச்சியில் ஒரு கல்யாணம். பந்தியில் உட்கார்ந்திருக்கும்போது போன் அதிர்ந்தது. எப்போதும் 1,150 வாட்ஸ் இழுக்கும் போர் மோட்டார் 700இல் ஓடிக்கொண்டிருந்தது. தண்ணீர் இல்லாமல் சும்மா சுற்றினால் இப்படித்தான் இழுவை குறையும். இலையில் ரசம் ஊற்றுவதற்குள் அங்கிருந்தபடியே நிறுத்திவிட்டேன். காயில் கட்டும் செலவு மிச்சம்.

இவ்வளவு நல்லதுக்கும் வேட்டு வைத்தது ஒரு கதவு.

டிபி பெட்டி இரும்பு, அதன் கதவும் இரும்பு. வைஃபை வாங்குகிற மாட்யூல் பெட்டிக்குள்ளே இருக்கிறது. கதவைச் சாத்தினால் ஆப்பில் எல்லாம் சாம்பல் நிறமாகிவிடும். ரூட்டர் பத்தடி தூரத்தில்தான். மாட்டிய அன்றே கேட்டேன். "கொஞ்சம் ஒருக்களிச்சு வெச்சுக்குங்க சார், ரெண்டு வெரலு போதும்" என்றார். கதவு தானாகச் சாத்திக்கொள்ளும் ரகம். பழைய மளிகைக்கடை காலண்டர் அட்டையை நாலாக மடித்து இடுக்கில் செருகினேன். விருந்தாளி வந்தால் அதை எடுப்பது, போனதும் செருகுவது, மறந்தால் ஆப் இல்லை. இப்படியே இரண்டு வருஷம். வேலைக்கு வரும் அக்கா தூசி தட்டும்போதெல்லாம் அட்டையை எடுத்து ஒழுங்காகக் கதவைச் சாத்திவிட்டுப் போவார். அவரைக் குறை சொல்ல முடியுமா? சாத்துவதற்குத்தானே கதவு.

உள் தகட்டில் எம்சிபி மாட்டும் இரண்டு இடம் காலியாகத் திறந்து கிடந்தது. அதற்கு டம்மி மூடி போட வேண்டும். போடவில்லை. நானும் கவனிக்கவில்லை. போன செவ்வாய்க்கிழமை ராத்திரி பதினொரு மணிக்குப் படாரென்று ஒரு சத்தம். வீடே இருட்டு, கருகிய வாடை. மூன்று பேஸும் வந்து சேரும் பஸ்பார் பட்டையில் பல்லி. தலையில் விழுந்தால் இன்னது, தோளில் விழுந்தால் இன்னது என்று பலன் போட்டிருக்கும் பஞ்சாங்கம், பஸ்பாரில் விழுந்தால் என்ன என்று மட்டும் சொல்லவில்லை. எனக்கு மாட்யூல் போயிற்று.

புது மாட்யூல் மாட்ட அதே ஆள்தான் வந்தார். டம்மி இரண்டும் போட்டார். பிறகு பையிலிருந்து விரல் நீளத்தில் ஓர் ஆண்டெனாவை எடுத்து, பெட்டியின் மேல் ஓட்டை வழியாக வயரை விட்டு வெளியே ஒட்டினார். கதவைச் சாத்தினார். ஆப் பளிச்சென்று வந்தது. எவ்வளவு என்றேன். 250 ரூபாய்.

"இதை அன்னைக்கே போட்டிருக்கலாமே?"

"நீங்க கேக்கவே இல்லீங்களே சார்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. நியூட்ரலைப் பிரிக்க ஒன்றரை நாள் பொறுமையாக உட்கார்ந்தவரும் இவர்தான், 250 ரூபாய்ச் சாமானைச் சொல்லாமல் இரண்டு வருஷம் என்னை அட்டை செருக வைத்தவரும் இவர்தான். எந்தப் பக்கம் திட்டுவது?

மச்சினனுக்கு என் பதில் இன்றைக்கும் 'வேண்டாம்'தான். மோட்டாரை நிறுத்திய அன்று கேட்டிருந்தால் நானே முன்பணம் கட்டியிருப்பேன். புது வீடு என்பதால் நியூட்ரலை ஆரம்பத்திலேயே பிரித்து இழுக்கச் சொல்லியிருக்கிறேன். அதற்கு ஸ்மார்ட் எதுவும் தேவையில்லை. அவனோ அந்த ஆளின் நம்பரைக் கேட்டு வாங்கிக்கொண்டான். ஆண்டெனா எங்கே வரும் என்று முதலில் கேட்டுவிட்டு அப்புறம் கூலி பேசு என்றேன்.

காலண்டர் அட்டை இன்னும் டிபிக்கு மேலேதான் இருக்கிறது. தூக்கிப் போட மனசு வரவில்லை.